விபிபி ரவுட்டரின் இடைமுகங்களை லினக்ஸ் கெர்னலோடு ஒத்திசைத்தல்: முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக ஓட்டும்போது 'ஐபி லிங்க்' என்று தட்டினால் எல்லா நெட்வொர்க் கார்டும் வரிசையாக நிற்கும். அதே கார்டை விபிபியிடம், அதாவது பாக்கெட்டுகளைக் கெர்னலுக்கு வெளியே கையாளும் அதிவேக ரவுட்டர் மென்பொருளிடம் ஒப்படைத்ததும் அந்த வரி காணாமல் போய்விடும். பாக்கெட்டுகளை டிபிடிகே என்ற நிரலகம் வழியாகக் கார்டிலிருந்து நேரே எடுத்து, ஒரே வீச்சில் 256 வரை கட்டாகச் சேர்த்துப் பதப்படுத்துகிறது விபிபி. கெர்னலுக்கு அங்கே வேலை இல்லை. வேகம் அதனால்தான் கிடைக்கிறது, சிக்கலும் அதனால்தான் வருகிறது. பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தட நெறிமுறைகளைப் பேசும் பேர்டு, எஃப்ஆர்ஆர் போன்ற டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) எல்லாம் கெர்னலின் இடைமுகத்தை நம்பி எழுதப்பட்டவை. கார்டு கண்ணில் படாவிட்டால் அவை அண்டை ரவுட்டரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாது.

2016-ல் சிஸ்கோ விபிபியைத் திறமூலமாக வெளியிட்டது. அன்றிலிருந்து அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எஃப்டி.ஐஓ திட்டத்தின் கீழ் வளர்ந்துவருகிறது. மேலே சொன்ன சிக்கலுக்கு அதில் உள்ள விடை லினக்ஸ்-சிபி என்ற ப்ளக்இன். அதை நிறுவி, ஒத்திசைத்து, பழுது பார்ப்பது வரை இங்கே எழுதியிருக்கிறோம். கட்டளைகள் உச்சரிப்பிலேயே உள்ளன. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். விபிபியின் கார்டு பெயர்களிலும், பின்னால் வரும் 'நெட்வொர்க்நேம்ஸ்பேஸ்பாத்' என்ற வரியிலும் மட்டும் பெரிய எழுத்து வரும், மற்றதெல்லாம் சிறிய எழுத்து.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இடைமுகம் என்றால் என்ன என்பதில் விபிபியும் லினக்ஸும் ஒத்துப்போவதில்லை. எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு), அப்-டவுன் நிலை, முகவரி, வீலான் (ஒரே கம்பியில் டேக் எண்ணால் பிரிக்கப்படும் தனி நெட்வொர்க்) ஆகிய நான்கிலும் இரண்டுக்கும் விதி வேறு. ப்ளக்இன் அந்த வேறுபாட்டை முடிந்தவரை சமாளிக்கும், ஆனால் அழிக்காது. ஒத்திசைவில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த நான்கிலிருந்தோ, செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்ததிலிருந்தோதான் பிறக்கின்றன.

ஜோடி எப்படி வேலை செய்கிறது

லினக்ஸ்-சிபி உருவாக்குவது ஒரு ஜோடி. எல்ஐபி என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் விபிபியிடம் உள்ள உண்மையான கார்டு. இன்னொரு பக்கம் டேப் என்ற மென்பொருள் நெட்வொர்க் சாதனம். டேப்பின் ஒரு முனை விபிபிக்குள்ளும் மறுமுனை லினக்ஸிலும் இருக்கும். கார்டின் வன்பொருள் முகவரியான மேக் முகவரியே லினக்ஸ் முனைக்கும் வைக்கப்படுவதால், கெர்னல் அதையே கார்டு என்று நினைத்துக்கொள்கிறது.

ரவுட்டரைக் கடந்து வேறிடம் போகும் பாக்கெட் விபிபிக்குள்ளேயே வந்து விபிபிக்குள்ளேயே வெளியேறும். ரவுட்டரின் சொந்த முகவரிக்கு வருவதை, அதாவது பிஜிபி இணைப்பு, எஸ்எஸ்ஹெச் போன்றவற்றை மட்டும் விபிபி டேப் வழியாக லினக்ஸுக்குத் தள்ளிவிடும். ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்டறியும் நெறிமுறை) பதில்களின் நகலும் அப்படியே போகும். எதிர்த்திசையில், லினக்ஸ் டேப்பில் எழுதும் பாக்கெட்டை விபிபி அந்தந்தக் கார்டின் வழியே வெளியே அனுப்பும்.

இந்த ஏற்பாட்டின் விளைவுகள் சிலரைத் திகைக்க வைக்கும். லினக்ஸ் முனையில் டிசிபிடம்ப் ஓட்டினால் கடந்து செல்லும் போக்குவரத்து தெரியாது. லினக்ஸின் எண்ணிகள் தள்ளிவிடப்பட்ட பாக்கெட்டுகளை மட்டுமே எண்ணும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஃபயர்வால். ஐபிடேபிள்ஸிலோ என்எஃப்டேபிள்ஸிலோ எழுதிய ஃபார்வர்டு விதிகள் கடந்து போகும் பாக்கெட்டைத் தொடவே தொடாது. அதற்கு விபிபியின் ஏசிஎல் (அனுமதி விதிகள்) ப்ளக்இன் வேண்டும். பழைய லினக்ஸ் ரவுட்டரை விபிபிக்கு மாற்றுபவர்கள் இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். விதிகள் கோப்பில் அப்படியே இருக்கும், காவல் மட்டும் இருக்காது.

ப்ளக்இன்கள் இரண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ்-சிபி ஜோடியை உருவாக்கும், விபிபியில் செய்த மாற்றத்தை லினக்ஸுக்குக் கொண்டுபோகும். லினக்ஸ்-என்எல் கெர்னலின் நெட்லிங்க் செய்திகளை, அதாவது தன் மாற்றங்களைக் கெர்னல் அறிவிக்கும் செய்திகளைக் கேட்டு, லினக்ஸில் செய்த மாற்றத்தை விபிபிக்குக் கொண்டுவரும். இரண்டாவதை இயக்க மறந்தால் பிஜிபி எழும்பும், கெர்னலில் வழித்தடங்கள் நிரம்பும், விபிபியில் ஒன்றுகூட இருக்காது.

தயாரிப்பு

நிர்வாகத்துக்கு என ஒரு கார்டை லினக்ஸிடமே விட்டுவிடுங்கள். விபிபி விழுந்தாலும் பெட்டிக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். மீதிக் கார்டுகளின் பிசிஐ முகவரியைக் குறித்துக்கொண்டு, அவற்றை லினக்ஸில் டவுன் செய்துவிடுங்கள். அப்பில் இருக்கும் கார்டை விபிபி எடுத்துக்கொள்ளாது.

ஹியூஜ்பேஜ் (பெரிய நினைவகப் பக்கங்கள்): விபிபி பொதி 2 எம்பி அளவில் 1024 பக்கங்களை, அதாவது 2 ஜிபியை ஒதுக்கும். சோதனைக்கு அது போதும். இணையத்தின் முழு வழித்தட அட்டவணையையும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஐபிவி4-ல் மட்டும் 9 லட்சத்துக்கு மேல் வழித்தடங்கள் வரும். விபிபியின் நினைவகமான பிரதான ஹீப்பை 1536 எம்பி அல்லது அதற்கு மேல் வைத்து, அதற்கேற்ப ஹியூஜ்பேஜையும் கூட்டுங்கள். எண்ணிகள் வாழும் ஸ்டாட்செக் பகுதியையும் சேர்த்துப் பெரிதாக்க வேண்டும். ஹீப் தீர்ந்தால் விபிபி மெதுவாகாது, நேராக விழுந்துவிடும்.

நெட்லிங்க் பஃபர்: டெபியனிலும் உபுண்டுவிலும் சாக்கெட் பஃபரின் இயல்பு அளவு 212992 பைட். பிஜிபி டீமன் லட்சக்கணக்கான வழித்தடங்களை ஒரே மூச்சில் கெர்னலில் கொட்டும்போது இது சில நொடிகளில் நிரம்பிவிடும். சிஸ்கன்ட்ரோலில் (கெர்னல் அமைப்புகளில்) ஆர்மெம் டீஃபால்ட், ஆர்மெம் மேக்ஸ், டபிள்யூமெம் டீஃபால்ட், டபிள்யூமெம் மேக்ஸ் ஆகிய நான்கையும் 67108864, அதாவது 64 எம்பி ஆக்குங்கள். விபிபி தொடங்கும் முன்பே இது அமலில் இருக்க வேண்டும்.

நேம்ஸ்பேஸ்: டேப் முனைகளைத் தனி நேம்ஸ்பேஸில் (இடைமுகங்களும் வழித்தட அட்டவணையும் தனியாக உள்ள பகுதியில்) வைப்பதையே பரிந்துரைக்கிறோம். நிர்வாகக் கார்டின் டீஃபால்ட் வழியும் ரவுட்டரின் டீஃபால்ட் வழியும் ஒரே அட்டவணையில் மோதிக்கொள்ளாது.

ஐபி நெட்என்எஸ் ஆட் டேட்டாப்ளேன்

இதை சிஸ்டம்டி யூனிட்டாக (பூட் ஆகும்போது தானே ஓடும் சேவையாக) எழுதி, விபிபி யூனிட்டுக்கு முன்னால் ஓடும்படி வையுங்கள். கையால் ஒருமுறை தட்டிவிட்டு விட்டால் அடுத்த ரீபூட்டில் நேம்ஸ்பேஸ் இருக்காது, ஜோடி உருவாகாது.

ஸ்டார்ட்அப் கோப்பு

ஈடிசி கோப்புறையின் கீழ் விபிபி கோப்புறையில் உள்ள ஸ்டார்ட்அப்.கான்ஃப் கோப்பைத் திறங்கள். இரண்டு ப்ளக்இன்களும் இயல்பில் அணைந்தே இருக்கும். ப்ளக்இன்ஸ் பகுதியில் லினக்ஸ்_சிபி_ப்ளக்இன்.எஸ்ஓ, லினக்ஸ்_என்எல்_ப்ளக்இன்.எஸ்ஓ இரண்டுக்கும் 'எனேபிள்' கொடுங்கள். டிபிடிகே பகுதியில் கார்டுகளின் பிசிஐ முகவரிகள் வரட்டும். பிறகு லினக்ஸ்-சிபி என்ற பகுதியைத் தொடங்கி இவற்றை எழுதுங்கள்:

டீஃபால்ட் நெட்என்எஸ் டேட்டாப்ளேன்
எல்சிபி-சிங்க்
எல்சிபி-ஆட்டோ-சப்இன்ட்
டெல்-ஸ்டாட்டிக்-ஆன்-லிங்க்-டவுன்
டெல்-டைனமிக்-ஆன்-லிங்க்-டவுன்

எல்சிபி-சிங்க் இருந்தால் விபிபியில் மாற்றிய அப்-டவுன் நிலை, எம்டியு, ஐபி முகவரி மூன்றும் லினக்ஸில் நகலாகும். ஆட்டோ-சப்இன்ட் இருந்தால், விபிபியில் துணை இடைமுகம் உருவாக்கும்போது லினக்ஸில் அதற்குரிய வீலான் சாதனம் தானே பிறக்கும்.

கடைசி இரண்டு வரிகளின் தேவை வெளிப்படையாகத் தெரியாது. ஓர் இடைமுகம் டவுன் ஆகும்போது கெர்னல் அதன் ஐபிவி4 வழித்தடங்களைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் 'இதை நீக்கினேன்' என்று நெட்லிங்கில் செய்தி அனுப்பாது. கேட்டுக்கொண்டிருக்கும் விபிபிக்கு நீக்கம் தெரியவராது, பழைய வழி அங்கேயே கிடக்கும், பாக்கெட்டுகள் மறைந்துபோகும். இந்த இரண்டு வரிகள் இருந்தால், லிங்க் விழுந்ததும் விபிபி தானாகவே அந்த இடைமுகம் சார்ந்த வழிகளை அகற்றும்.

முதல் ஜோடி

விபிபியைத் தொடங்கி, அதன் கட்டளைக் கருவியான விபிபிசிடிஎல் வழியாக உள்ளே போங்கள். 'ஷோ இன்டர்ஃபேஸ்' கொடுத்தால் டென்கிகாபிட்ஈதர்நெட்3/0/0 போன்ற பெயர்கள் வரும். அதை அப்படியே லினக்ஸில் வைக்க முடியாது. லினக்ஸ் இடைமுகப் பெயர் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது, சாய்கோடும் ஆகாது. சுருக்கமாகப் பெயர் வையுங்கள். பின்னால் '.1234' என்று வீலான் எண் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

எல்சிபி கிரியேட் டென்கிகாபிட்ஈதர்நெட்3/0/0 ஹோஸ்ட்-இஃப் இ0
செட் இன்டர்ஃபேஸ் எம்டியு பாக்கெட் 9000 டென்கிகாபிட்ஈதர்நெட்3/0/0
செட் இன்டர்ஃபேஸ் ஸ்டேட் டென்கிகாபிட்ஈதர்நெட்3/0/0 அப்
செட் இன்டர்ஃபேஸ் ஐபி அட்ரஸ் டென்கிகாபிட்ஈதர்நெட்3/0/0 192.0.2.1/30

'ஷோ எல்சிபி' என்று பார்த்தால் ஜோடியின் இரு பக்கமும் நேம்ஸ்பேஸும் தெரிய வேண்டும். பிறகு லினக்ஸ் பக்கம் போய் 'ஐபி நெட்என்எஸ் எக்ஸெக் டேட்டாப்ளேன் ஐபி அட்ரஸ்' கொடுங்கள். இ0 அப்பில், எம்டியு 9000-ல், அதே முகவரியோடு இருக்க வேண்டும். எதிர்முனைக்கு அந்த நேம்ஸ்பேஸிலிருந்தே பிங் போட்டுப் பாருங்கள்.

அடுத்து எதிர்த்திசை. இரண்டாவது கார்டுக்கு இ1 என்று ஜோடி உருவாக்கி, முகவரியை லினக்ஸில் கொடுங்கள். விபிபியில் 'ஷோ இன்டர்ஃபேஸ் அட்ரஸ்' அதைக் காட்டினால் லினக்ஸ்-என்எல் உயிரோடு இருக்கிறது. காட்டாவிட்டால் மேலே போகாமல் இங்கேயே நின்று ப்ளக்இன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

லூப்பேக்குக்கும் (கார்டு இல்லாத உள் இடைமுகம்) இதே முறைதான். பாண்டு (பல கார்டுகளைச் சேர்த்த ஒரே இடைமுகம்) என்றால் வரிசை முக்கியம். பாண்டை உருவாக்கி, உறுப்புக் கார்டுகளைச் சேர்த்து, மேக் முகவரி நிலைத்த பிறகே ஜோடி சேருங்கள். பாண்டுக்கான எல்ஏசிபி நெறிமுறையை விபிபியே பேசும். லினக்ஸ் பக்கம் பாண்டிங் எதுவும் அமைக்க வேண்டாம்.

ஒத்துப்போகாத இடங்கள்

எம்டியு. விபிபியில் தாய் இடைமுகமும் அதன் பிள்ளையான துணை இடைமுகமும் தனித்தனி. தாய் 1500-ல் இருக்க, துணை 9000 என்றாலும் விபிபி ஏற்றுக்கொள்ளும். லினக்ஸ் ஏற்காது, துணையின் எம்டியு தாயைத் தாண்ட முடியாது. தாயின் எம்டியுவைக் குறைத்தால் பிள்ளைகளின் எம்டியுவையும் லினக்ஸ் சேர்த்துக் குறைத்துவிடும். மீண்டும் தாயைக் கூட்டும்போது பிள்ளைகளைக் கூட்டாது. ஆகவே கூட்டும்போது தாய் முதலில், குறைக்கும்போது பிள்ளை முதலில். இதைத் தவறவிட்டால் பிங் போகும், ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்சேஞ்ச் நிலையில் தொங்கும். சிறிய பாக்கெட் போய்ப் பெரியது நின்றால் எம்டியுவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அப்-டவுன். விபிபியில் தாய் டவுனாக இருக்கும்போதே பிள்ளையை அப் செய்யலாம். லினக்ஸில் 'நெட்வொர்க் டவுன்' என்று பிழை வரும். தாய் டவுன் ஆனால் லினக்ஸ் பிள்ளைகளையும் டவுன் செய்யும், தாய் எழுந்தால் பிள்ளைகளையும் எழுப்பிவிடும், நீங்கள் வேண்டுமென்றே டவுனில் வைத்திருந்த பிள்ளை உட்பட. வாடிக்கையாளர் ஒருவரின் வீலானை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாய்க் கார்டை ஒருமுறை டவுன் செய்து அப் செய்தபின் அந்த வீலானின் நிலையை இரு பக்கமும் பாருங்கள்.

முகவரி. ஒரே அட்டவணைக்குள் இரண்டு இடைமுகங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும் சப்நெட்டுகளை லினக்ஸ் அனுமதிக்கும், விபிபி மறுக்கும். இ0-இல் 198.51.100.1/24, இ1-இல் 198.51.100.129/25 என்று லினக்ஸில் கொடுத்தால் லினக்ஸில் இரண்டும் தெரியும், விபிபியில் முதலாவது மட்டுமே நிற்கும். லினக்ஸ் கட்டளை எந்தப் பிழையும் காட்டாது, ஏனென்றால் அதன் கண்ணோட்டத்தில் பிழையே இல்லை. பிழை விபிபியின் பதிவில்தான் விழும். ஐபிவி6-இல் இன்னொன்று. இடைமுகம் டவுன் ஆனால் லினக்ஸ் ஐபிவி4 முகவரியை வைத்துக்கொள்ளும், ஐபிவி6 முகவரிகளை இயல்பில் அழித்துவிடும். 'கீப்_அட்ர்_ஆன்_டவுன்' என்ற சிஸ்கன்ட்ரோலை அந்த நேம்ஸ்பேஸில் 1 ஆக்கினால் நிற்கும்.

வீலான். சாதாரண வீலானுக்கு இது போதும்:

கிரியேட் சப் டென்கிகாபிட்ஈதர்நெட்3/0/0 100

லினக்ஸில் இ0.100 தானே வரும். இரட்டை டேகுக்கு (ஒரு வீலானுக்குள் இன்னொரு வீலான்) விபிபி எந்த எண்ணையும் துணை இடைமுகத்தின் அடையாளமாக ஏற்கும். லினக்ஸுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, அது படிப்படியாகத்தான் ஏறும். வெளி டேகுக்கு ஒரு சாதனம், அதன் மேல் உள் டேகுக்கு இன்னொன்று. ஆகவே வெளி டேகின் ஜோடி முதலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள் டேகின் ஜோடி உருவாகாது. அடுத்த பொறி 'எக்ஸாக்ட்-மேட்ச்' என்ற சொல்.

கிரியேட் சப் டென்கிகாபிட்ஈதர்நெட்3/0/0 1001 டாட்1க்யூ 100 இன்னர்-டாட்1க்யூ 200 எக்ஸாக்ட்-மேட்ச்

அந்தச் சொல்லை விட்டுவிட்டால் துணை இடைமுகம் பிறக்கும், ஜோடி பிறக்காது. டேக் சரியாகப் பொருந்தாத இடைமுகத்தை லினக்ஸில் பிரதிபலிக்க வழியில்லை என்பதே காரணம். நீக்கும்போது எல்லாம் தலைகீழ்: உள் டேக், வெளி டேக், கடைசியில் தாய்.

எஜமான் யார்

இரு திசையும் ஓடுவதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று தோன்றும். வேண்டாம். நெட்லிங்க் செய்திகளை லினக்ஸ்-என்எல் கட்டாக எடுக்கிறது, இயல்பில் ஒரு கட்டுக்கு 2048 செய்தி, கட்டுகளுக்கு இடையே 50 மில்லிநொடி. மாற்றம் இரு பக்கமும் எதிரொலித்துக்கொண்டே சுற்றாமல் இருக்க, அந்தக் கட்டைப் படிக்கும் நேரத்தில் விபிபி-லினக்ஸ் ஒத்திசைவைத் தற்காலிகமாக அணைத்து வைக்கும். இரு பக்கமும் ஒரே சமயத்தில் ஸ்கிரிப்ட் ஓட்டுவது ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும்.

எங்கள் பரிந்துரை இது. ஜோடி, எம்டியு, அப்-டவுன், வீலான், முகவரி எல்லாம் விபிபியின் கோப்பில். வழித்தடங்கள் மட்டும் லினக்ஸில், அதுவும் டீமன் வழியாக மட்டும். லினக்ஸையே எஜமானாக வைப்பவர்களும் உண்டு, பழைய கருவிகளோடு அது ஒத்துப்போகும். ஆனால் விபிபி மறுதொடக்கம் ஆகும்போது டேப் சாதனங்கள் எல்லாம் அழியும், அவற்றோடு லினக்ஸில் கொடுத்த முகவரிகளும் போகும். விபிபி தன் நிலையை வட்டில் சேமிப்பதும் இல்லை. ஸ்டார்ட்அப் கோப்பின் யூனிக்ஸ் பகுதியில் 'எக்ஸெக்' என்று கொடுத்து, மேலே உள்ள கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பைக் காட்டினால், ஒவ்வொரு தொடக்கத்திலும் எல்லாம் தானே எழும். இந்த ஒரு வசதிக்காகவே விபிபி பக்கத்தை எஜமானாக்கலாம்.

வழித்தட டீமன்

பேர்டு என்றாலும் எஃப்ஆர்ஆர் என்றாலும் டேட்டாப்ளேன் நேம்ஸ்பேஸுக்குள் ஓட வேண்டும். சிஸ்டம்டி யூனிட்டில் 'நெட்வொர்க்நேம்ஸ்பேஸ்பாத்' என்ற வரியில் அந்த நேம்ஸ்பேஸின் பாதையைக் கொடுத்தால் போதும். விபிபி கோப்பு ஓடி முடித்து ஜோடிகள் வந்த பிறகே டீமன் தொடங்கட்டும். எஸ்எஸ்ஹெச்சும் கண்காணிப்புக்கான எஸ்என்எம்பியும் அந்த நேம்ஸ்பேஸில் வேண்டும் என்றால் அவற்றுக்கும் தனி யூனிட் எழுதுங்கள்.

டீமன் எழுதும் வழிகள் விபிபியின் 'ஷோ ஐபி ஃபிப்' (வழித்தட அட்டவணை) வெளியீட்டில் 'எல்சிபி-ஆர்டி-டைனமிக்' என்ற மூலத்தோடு வரும். கையால் 'ஐபி ரூட் ஆட்' கொடுத்தது 'எல்சிபி-ஆர்டி' என்று வரும். அடுத்த ஹாப் ஜோடி இல்லாத சாதனத்தின் வழியே, உதாரணமாக லினக்ஸில் மட்டும் உள்ள டம்மி சாதனத்தின் வழியே போனால், அந்த வழி விபிபிக்கு வராது. ரவுட்டர் ஐடிக்கு டம்மி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதற்குப் பதிலாக விபிபி லூப்பேக்கை ஜோடி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கும்போது

கெர்னலில் வழி இருக்கிறது, விபிபியில் இல்லை என்றால் முதலில் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். லினக்ஸில் வழிகளை எண்ணி, விபிபியில் 'ஷோ ஐபி ஃபிப் சம்மரி'யோடு வைத்துப் பாருங்கள். விபிபி தன் சொந்தப் பதிவுகளையும் சேர்த்து எண்ணுவதால் சிறு வித்தியாசம் இயல்பு. ஆயிரக்கணக்கில் குறைந்தால் நெட்லிங்க் பஃபர் நிரம்பிச் செய்திகள் விழுந்திருக்கின்றன. விழுந்த செய்தியைக் கெர்னல் மறுபடி அனுப்பாது. பஃபரைக் கூட்டி, விபிபியையும் டீமனையும் வரிசைப்படி மீண்டும் தொடங்குங்கள்.

ஒத்திசைவே நடக்கவில்லை என்றால் லினக்ஸில் 'ஐபி மானிட்டர்' ஓட்டிக்கொண்டே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்தி அங்கே வந்து விபிபியில் விளைவு இல்லை என்றால் பழுது விபிபி பக்கம். செய்தியே வராவிட்டால் பெரும்பாலும் தவறான நேம்ஸ்பேஸில் நிற்கிறீர்கள். விபிபியின் பதிவை விரிவாக்க:

செட் லாகிங் கிளாஸ் லினக்ஸ்-சிபி லெவல் டீபக்

பிறகு 'ஷோ லாகிங்'. முகவரி மறுக்கப்பட்டதும், எம்டியு மாற்றப்பட்டதும், ஜோடி உருவாகாத காரணமும் இங்கேதான் கிடைக்கும். முழு அட்டவணை ஏறும் நேரத்தில் டீபக்கை விட்டுவைக்காதீர்கள், பதிவே சுமையாகிவிடும்.

பாக்கெட் எங்கே தொலைகிறது என்று தேட 'ட்ரேஸ் ஆட் டிபிடிகே-இன்புட் 50' கொடுத்து, ஒரு பிங் அனுப்பி, 'ஷோ ட்ரேஸ்' பாருங்கள். பாக்கெட் கடந்த ஒவ்வொரு நோடும் (பதப்படுத்தும் கட்டம்) வரிசையாக வரும். லினக்ஸுக்குப் போக வேண்டியது லினக்ஸுக்குத் தள்ளும் பன்ட் நோடில் முடிகிறதா, ட்ராப் நோடில் முடிகிறதா என்பது தெளிவாகத் தெரியும். ட்ராப் என்றால் 'ஷோ எரர்ஸ்' காரணத்தைச் சொல்லும்.

போக்குவரத்து எண்ணிக்கையை எஸ்என்எம்பியில் லினக்ஸ் முனையிலிருந்து எடுத்தால் வரைபடம் ஏறக்குறைய தட்டையாக இருக்கும். உண்மையான எண்கள் விபிபியின் ஸ்டாட்செக்கில் உள்ளன. கண்காணிப்புக் கருவியை அங்கே திருப்புங்கள், பில்லிங்கும் அதே எண்களிலிருந்து வரட்டும்.